கடலில் என்ஜின் சூடேறினால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது முடிந்து கடலுக்குப் போகும் முதல் நாள் துறைமுகம் திருவிழா மாதிரி இருக்கும். மறுபடி மதியத்துக்கு மேல் போய்ப் பாருங்கள். ஒன்றிரண்டு படகாவது இன்னொரு படகின் கயிற்றில் இழுபட்டு வந்து சேரும். என்ன ஆச்சு என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "என்ஜின் ஹீட் ஆயிருச்சு."

ஹீட் ஆவது ஒரு நோயில்லை, காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. பின்னால் பத்துக் காரணம் இருக்கலாம். அதில் எட்டுக் காரணம் பத்து ரூபாய் கிளாம்பிலும் ஒரு துண்டு பிளாஸ்டிக் சாக்கிலும் முடிந்துவிடும். மற்ற இரண்டுதான் என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றவைக்கும். புதிதாக வீல் பிடிப்பவர்களும் புதிதாகப் படகு வாங்கியவர்களும் பயத்தில் அந்த இரண்டிலிருந்து தொடங்குவதுதான் சிக்கல். படகுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் இன்போர்டு டீசல் என்ஜினைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். பின்னால் தொங்கும் அவுட்போர்டு வேறு கதை.

நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வயதில், தடை முடிந்து முதல் ஓட்டத்திலேயே திரும்பி வந்த ஒரு படகுக்குப் போனோம். டிரைவர் இறங்கும்போதே "கேஸ்கட் போச்சு தம்பி" என்றார். ஹெட்டுக்கும் என்ஜின் உடலான பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகட்டைச் சொன்னார். என் முதலாளியும் தலையாட்டினார். இரண்டு நாள் வேலை. ஹெட்டைத் தூக்கினோம், கேஸ்கட் நன்றாகத்தான் இருந்தது. எடுத்த பாவத்துக்குப் புதுசு போட்டு, மூடி, டைட் வைத்து ஓட்டினால் மறுபடி அதே சூடு.

மூன்றாம் நாள், பக்கத்துப் படகில் வேலையாக இருந்த வயதான மெக்கானிக் ஒருவர் சும்மா எட்டிப்பார்த்தார். என்ஜினை அவர் தொடவே இல்லை. கீழே குனிந்து, கடல் தண்ணீர் உள்ளே வரும் ஹோஸின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, "ரேஸ் கொடுங்கண்ணே" என்றார். ஐடிலில் உருண்டையாக இருந்த ஹோஸ், ரேஸ் ஏற ஏறத் தோசைக்கரண்டி மாதிரி தட்டையானது. ரேஸைக் குறைத்ததும் மறுபடி உருண்டை. "உள்ளே வர வழியில்ல. பம்பு காத்தைத்தான் உறிஞ்சப் பாக்குது" என்றார். ஆளை இறக்கிப் பார்த்தோம். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி அடியில் பெயின்ட் அடித்தபோது, தண்ணீர் உள்ளே வரும் சல்லடைத் தட்டின் மேலும் சேர்த்து அடித்திருந்தார்கள். முக்கால்வாசி ஓட்டை நீலப் பெயின்ட்டில் அடைத்துக் கிடந்தது. ஓர் ஆணியால் குத்தி எடுத்தோம், கால் மணி நேரம்.

அதிலிருந்து எனக்கு ஒரே விதி: தண்ணீர் எந்த வழியில் போகிறதோ அதே வழியில் நானும் போவேன். கடலில் தொடங்கி, கடைசியாகத்தான் என்ஜினைத் திறப்பேன்.

தண்ணீர் போகும் வழி

பெரும்பாலான படகு என்ஜின்களில் இரண்டு தண்ணீர் ஓட்டம் உண்டு. ஒன்று நல்ல தண்ணீர் ஓட்டம். மேலே உள்ள தொட்டியிலிருந்து பெல்ட்டில் ஓடும் பம்பு வழியாக பிளாக், ஹெட், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு) என்று சுற்றிச் சுற்றி வரும். வெளியே போகாது. லாரியில் இருப்பதேதான், ரேடியேட்டர் மட்டும் இல்லை.

ரேடியேட்டருக்குப் பதிலாக ஹீட் எக்ஸ்சேஞ்சர். ஓர் உருளைக்குள் விரல் தடிமனைவிட மெல்லிய குழாய்கள் கட்டாக இருக்கும். குழாய்களுக்குள் கடல் தண்ணீர், வெளியே நல்ல தண்ணீர். இரண்டும் கலக்காமல் சூடு மட்டும் கை மாறும்.

இரண்டாவது கடல் தண்ணீர் ஓட்டம். படகின் அடியில் உள்ள சல்லடைத் தட்டு, அதற்கு மேல் வால்வு, ஹோஸ், குப்பையை வடிகட்டும் ஸ்டிரெய்னர், கடல் தண்ணீர் பம்பு, பிறகு எக்ஸ்சேஞ்சர். கியர் ஆயிலுக்குக் கூலர் இருந்தால் அதன் வழியாகவும் போய், கடைசியில் படகின் பக்கவாட்டில் பீச்சிக்கொண்டு கடலிலேயே விழும். சில படகுகளில், குறிப்பாக உல்லாசப் படகுகளில், இந்தத் தண்ணீரைப் புகைக்குழாயில் கலந்து புகையோடு சேர்த்துத் தள்ளுவார்கள்.

பழைய சின்ன என்ஜின்கள் சிலவற்றில் எக்ஸ்சேஞ்சரே கிடையாது. கடல் தண்ணீர் நேராக பிளாக்குக்குள் போகும். அவற்றை 60 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே ஓட்டுவார்கள். அதற்கு மேல் சூடேறினால் உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படியத் தொடங்கும். எக்ஸ்சேஞ்சர் உள்ள என்ஜினில் 75 முதல் 90 வரை சாதாரணம். ஆகவே உங்கள் என்ஜின் எந்த வகை என்று தெரியாமல் "80 காட்டுது, பயமா இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. கரையில் நிற்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

முள் ஏறுவதைக் கண்டதும்

ஹீட் மீட்டரின் முள் ஏறினால் முதலில் ரேஸைக் குறையுங்கள். மடி (இழுவலை) இழுத்துக்கொண்டிருந்தால் இழுவையை நிறுத்துங்கள். உடனே சாவியைத் திருப்பி அணைப்பது எல்லா நேரமும் சரியில்லை. தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தால் நியூட்ரலில் சில நிமிடம் ஐடில் ஓடவிட்டால் சூடு தானாக இறங்கும். திடீரென்று அணைத்தால் தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்று, ஹெட்டில் உள்ள சூடு அதைக் கொதிக்கவைக்கும்.

ஆனால் மூன்று நிலைமைகளில் யோசிக்காமல் அணைத்துவிட வேண்டும்: பக்கவாட்டில் தண்ணீர் விழவே இல்லை, ஐடிலுக்கு வந்தும் முள் ஏறிக்கொண்டே போகிறது, ஆயில் பிரஷர் விழுகிறது. அணைக்கும் முன் காற்றும் நீரோட்டமும் உங்களை எந்தப் பக்கம் தள்ளும் என்று பாருங்கள். பாக் நீரிணை மாதிரி ஆழம் குறைந்த கடலில் நங்கூரம் போட்டுவிட்டு நிம்மதியாக வேலை பார்க்கலாம். பாறைப் பக்கம் நின்றுகொண்டு என்ஜின் ரூமுக்குள் தலையை விடாதீர்கள். பக்கத்தில் போகும் படகுக்கு வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

அடுத்தது, சூடாக இருக்கும்போது தொட்டி மூடியைத் திறக்கவே கூடாது. அந்த மூடி வெறும் மூடி இல்லை, உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு. 7 பி.எஸ்.ஐ மூடி போட்டிருந்தால் உள்ளே தண்ணீர் 111 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே வீச்சில் கொதித்து முகத்தில் அடிக்கும். முன்கை முழுக்கத் தோல் உரிந்து போன ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அரை மணியாவது ஆறவிடுங்கள். மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள், விறைப்பாக இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. திறக்கும்போதும் தடித்த ஈரச் சாக்கை மேலே போட்டு, முதல் தடை வரைக்கும் மட்டும் திருப்பி, சீறல் அடங்கிய பிறகு எடுக்க வேண்டும்.

கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த தண்ணீரையும் ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு வெடிக்கும்.

எப்போது சூடாகிறது என்று கேளுங்கள்

ஆறும் வரை சும்மா இருக்க வேண்டாம், யோசியுங்கள். எப்போது, எப்படிச் சூடானது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த என்ஜின் சில நிமிடத்தில் உச்சிக்குப் போனால், ஏதோ ஒன்று அறுந்தது அல்லது அடைத்தது. பெல்ட், இம்பெல்லர் (பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம்), அடியில் ஒட்டிய சாக்கு, வெடித்த ஹோஸ். இந்த நான்கைத் தாண்டி யோசிக்கத் தேவை அநேகமாக வராது.

மாதக்கணக்கில் 80 என்று காட்டிய முள், 84, 88 என்று நகர்ந்து வந்தால் அது படிவு. எக்ஸ்சேஞ்சர் குழாயில் உப்பு, அடியில் கொட்டலசு (ஒட்டி வளரும் சிப்பி மாதிரி உயிர்), தேய்ந்த இம்பெல்லர்.

மெதுவாகப் போனால் பிரச்சினை இல்லை, ரேஸ் கொடுத்தால் ஏறுகிறது என்றால் தண்ணீர் போதவில்லை அல்லது பாரம் அதிகம். என் கதையில் வந்த நீலப் பெயின்ட் இந்த வகை.

ஐடிலில் நிற்கும்போது சூடாகி, ஓடும்போது இறங்குகிறதா? தேய்ந்த பம்பு, அல்லது உறிஞ்சும் பக்கம் எங்கோ காற்று நுழைகிறது. கீல் கூலிங் படகாக (அடியில் வெளியே ஓடும் குழாயில் தண்ணீரை ஆற்றும் வகை) இருந்தால் அதன் குணமே அதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்தால், அப்போதுதான் கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம்.

மீட்டரே பொய் சொல்கிறதா?

எலக்ட்ரிக் ஹீட் மீட்டர் பல நேரம் பொய் சொல்லும். என்ஜினில் பொருத்திய சென்சாரிலிருந்து வரும் ஒயர் தோல் உரிந்து பிளாக்கில் உரசினால், பரவலாக உள்ள மீட்டர்களில் முள் நேரே உச்சிக்குப் போய் நிற்கும். அடையாளம், முள் ஏறும் வேகம். நிஜச் சூடு நடந்து வரும், ஷார்ட் பறந்து வரும். அந்த ஒயரைச் சென்சாரில் கழற்றிப் பாருங்கள். அப்படியும் முள் உச்சியிலேயே நின்றால் கோளாறு ஒயரில்.

துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிவையுங்கள். தெர்மோஸ்டாட் வீட்டின் மேல் காட்டி அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும். பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். கறுப்புப் பெயின்ட்டோ இன்சுலேஷன் டேப்போ உள்ள இடத்தில் காட்டுங்கள்.

படகின் பக்கவாட்டை எட்டிப் பாருங்கள்

முதல் உண்மையான சோதனை இது. கடல் தண்ணீர் வெளியே விழுகிறதா, எவ்வளவு விழுகிறது?

விழவே இல்லை என்றால் முதலில் வால்வைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். துறைமுகத்தில் கட்டும்போது மூடிவிட்டு, காலையில் திறக்க மறந்து கிளம்பிய அனுபவசாலிகள் நிறையப் பேர். நான் சாவியை வால்வின் கைப்பிடியிலேயே தொங்கவிடுகிறேன். சாவி எடுக்கப் போகிறவன் வால்வைத் திறக்காமல் வர முடியாது.

வால்வு திறந்திருந்தால் அடுத்து ஸ்டிரெய்னர். என்ஜின் அணைந்திருக்கட்டும், வால்வை மூடுங்கள், மூடியைத் திறந்து கூடையை எடுங்கள். பாசி, சிப்பித் துண்டு, வலை நூல், சொறி (ஜெல்லி மீன்) சீசனில் கொழகொழவென்று சொறியின் சதை எல்லாம் இருக்கும். கழுவிவிட்டு, மூடியைப் போடும் முன் வால்வைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். தண்ணீர் வேகமாகப் பொங்கி வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு அதற்கும் கீழே, சல்லடைத் தட்டில். ஹோஸைக் கழற்றி அந்த வழியாகக் கம்பி விட்டுக் குத்தலாம். சாக்கோ வலைத்துண்டோ ஒட்டியிருந்தால் ஆள் இறங்க வேண்டியதுதான். ஆள் தண்ணீரில் இருக்கும் வரை சாவி அவர் இடுப்பில் இருக்கட்டும், வீல் ரூமில் வேண்டாம்.

ஸ்டிரெய்னர் மூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். அது காய்ந்து வெடித்திருந்தால் தண்ணீர் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். பம்பு உறிஞ்சும் பக்கத்தில் வரும் கோளாறுக்கு இதுதான் குணம்: ஈரமே தெரியாது. மூடி கண்ணாடியாக இருந்தால் ஓடும்போது பாருங்கள், சோடா மாதிரி குமிழி ஓடினால் காற்று நுழைகிறது. கிளாம்ப்களை ஒரு சுற்று இறுக்குங்கள். உறிஞ்சும் பக்கத்துக்கு எப்போதும் உள்ளே கம்பிச் சுருள் வைத்த ஹோஸைத்தான் போட வேண்டும். வெறும் ரப்பர் ஹோஸ் பழசானால், அடைப்பே இல்லாவிட்டாலும் தட்டையாகிவிடும்.

இம்பெல்லர்

உள்ளே தண்ணீர் பொங்கி வருகிறது, வெளியே விழவில்லை என்றால் நடுவில் இருப்பது பம்புதான். பெரும்பாலான கடல் தண்ணீர் பம்புகளுக்குள் பூ மாதிரி இதழ் விரித்த ரப்பர் இம்பெல்லர் இருக்கும். தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் சுற்றினாலே இதழ் கருகத் தொடங்கும். பம்பு மூடியைத் தொட முடியாத அளவுக்குச் சூடு, சுட்ட ரப்பர் வாடை, இரண்டும் இருந்தால் முடிவே பண்ணிவிடலாம்.

இரண்டு மாதம் சும்மா கிடந்த இம்பெல்லரும் ஆபத்து. பம்புக்குள் ஒரு பக்கத்து இதழ்கள் எப்போதும் மடங்கியே நிற்கும். அப்படியே 61 நாள் நின்றால் மடிந்த வாகிலேயே இறுகிப்போய், ஓட்டும்போது நிமிராது, அல்லது அடியோடு பிய்யும். ஆகவே படகைக் கட்டும்போது இம்பெல்லரைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். கழற்றியதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டார்ட்டர் சுவிட்சில் ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் தடை முடிந்த அன்று மறந்துவிடும்.

மாற்றும் முறை: வால்வை மூடுங்கள். பம்பின் முன் தட்டில் உள்ள பித்தளை ஸ்க்ரூக்களை எடுங்கள். ஸ்க்ரூ கீழே பில்ஜில் (படகின் அடிக்குழி) விழுந்தால் தேடிக் கிடைக்காது, அடியில் ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். இம்பெல்லரை மூக்கு பிளையரால் நடுவே பிடித்து நேராக இழுங்கள், புல்லர் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினால் பம்பு வாயில் கீறல் விழும், அந்தக் கீறலில் காற்று போகும்.

எடுத்ததும் இதழ்களை எண்ணுங்கள். இதுதான் புதியவர்கள் தவறவிடும் இடம். ஆறு இதழில் நான்குதான் இருக்கிறது என்றால் மீதி இரண்டு எங்கே? அவை தண்ணீரோடு போய் ஏதாவது ஒரு வளைவிலோ எக்ஸ்சேஞ்சர் குழாய்களின் வாயிலோ உட்கார்ந்திருக்கும். புது இம்பெல்லர் போட்டதும் கொஞ்சம் சரியானது போலத் தெரிந்து, பத்து நாளில் மறுபடி சூடு வரும். ஒரு படகில் எக்ஸ்சேஞ்சர் மூடியைத் திறந்தபோது மூன்று வெவ்வேறு இம்பெல்லரின் இதழ்கள் கிடைத்தன. மூன்று பேர் மாற்றியிருக்கிறார்கள், ஒருவரும் எண்ணவில்லை.

முன் தட்டின் உள்பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் பம்பு சரியாக உறிஞ்சாது. தட்டைத் திருப்பிப் போட முடியுமென்றால் போடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி மேல் எமரித் தாள் வைத்துத் தேய்த்துச் சமன்செய்யலாம். புது இம்பெல்லரில் கிரீஸ் தடவாதீர்கள், சில ரப்பர் அதில் ஊறிப் பெருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு நீர் போதும். சுழலும் திசைக்கு இதழ்கள் பின்னால் சாயும்படி திருகிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள்.

உங்கள் படகில் ரப்பர் இல்லாத, பெல்ட்டில் ஓடும் சென்ட்ரிஃபியூகல் பம்பு இருந்தால் அது காற்றை உறிஞ்சித் தள்ளாது. உள்ளே ஒரு குடம் காற்று நுழைந்தாலே சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றி நிரப்பி, காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர்

தண்ணீர் நன்றாகவே விழுகிறது, ஆனாலும் சூடு இறங்கவில்லை. இப்போது விழும் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். என்ஜின் கொதிக்கிறது, வெளியே விழும் தண்ணீரோ கடல் மாதிரியே சில்லென்று இருக்கிறது என்றால், சூடு கை மாறவில்லை என்று அர்த்தம். குழாய்களுக்குள் படிவு, அல்லது நல்ல தண்ணீர் அந்தப் பக்கம் வரவே இல்லை. அதற்கு நேர்மாறாக, கொஞ்சமாக விழும் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் எக்ஸ்சேஞ்சர் தன் வேலையைச் செய்கிறது, தண்ணீர்தான் போதவில்லை. இந்த ஒரு சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். நான் எந்தப் படகிலும் இதைச் செய்யாமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பதில்லை.

இரு முனை மூடிகளையும் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய்கள் வழியாக அந்தப் பக்க வெளிச்சம் தெரிய வேண்டும். மென்மையான படிவு என்றால், குழாயைவிட மெல்லிய மரக்குச்சியாலோ பித்தளைக் கம்பியாலோ தள்ளலாம். இரும்புக் கம்பி வேண்டாம், குழாய் கீறும். கல்லாக இறுகிய படிவுக்கு ஒர்க்‌ஷாப்பில் குழாய்க் கட்டை வெளியே எடுத்து, நீர்த்த ஆசிட்டில் ஊறவைப்பார்கள். நீங்களே செய்வதென்றால் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள். கண்ணாடி, கையுறை, திறந்த வெளி. அலுமினியப் பாகம் எதுவும் அதில் படக் கூடாது. நுரைப்பு அடங்கியதும் எடுத்து, ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

எக்ஸ்சேஞ்சரின் அடியில் ஒரு பித்தளை போல்ட் தலை தெரியும். அதைக் கழற்றினால் நுனியில் சாம்பல் நிறக் குச்சி ஒன்று இருக்கும், ஜிங்க். கடல் தண்ணீரில் உலோகம் அரிப்பதைத் தன் மேல் வாங்கிக்கொண்டு கரைவதுதான் அதன் வேலை. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். முழுக்கக் கரையவிட்டால் அடுத்து கரையப்போவது குழாய்கள். உடைந்து விழுந்த பழைய ஜிங்க் துண்டுகளே உள்ளே அடைப்பாக இருப்பதும் உண்டு.

தொட்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது, வெளியே எங்கும் கசிவு இல்லை என்றால் குழாய் ஒன்று ஓட்டையாகி, நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது என்று சந்தேகப்படலாம். நாக்கில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கூலன்ட் கலந்திருந்தால் அதைச் செய்யாதீர்கள், அது விஷம்.

நல்ல தண்ணீர்ப் பக்கம்

தொட்டி நிறைந்திருக்கிறதா, பெல்ட் இறுக்கமா, இரண்டும் முதலில். பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் பக்கம் இறங்கலாம். அதற்கு மேல் போனால் வழுக்குகிறது. பெல்ட்டின் ஓரங்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தால் மாற்றுங்கள்.

தண்ணீரை மாற்றிய பிறகு சூடானால் உள்ளே காற்று அடைபட்டிருக்கும். ஹெட்டின் மேல், தெர்மோஸ்டாட் வீட்டின் மேல் உள்ள காற்று திருகைத் திறந்து, குமிழி இல்லாமல் தண்ணீர் வரும் வரை விடுங்கள்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க அடுப்பு போதும். அதைக் கழற்றி, நூலில் கட்டி, தெர்மாமீட்டரோடு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். மேலே 82 என்று குத்தியிருந்தால் அந்த அளவில் வாய் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிக்கும் முன் நன்றாகத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் புதுசு போடுங்கள். "எடுத்து எறிஞ்சிட்டு ஓட்டு" என்று சொல்பவர்கள் எல்லாத் துறைமுகத்திலும் இருக்கிறார்கள். கரை சேர்வதற்காக ஒருமுறை என்றால் சரி. நிரந்தரமாக எடுத்தால், சில என்ஜின்களில் தண்ணீர் எக்ஸ்சேஞ்சருக்குப் போகாமல் பைபாஸ் வழியாகவே சுற்றி இன்னும் சூடாகும். சூடாகாத என்ஜின் குளிர்ந்தே ஓடி டீசலைக் குடிக்கும், சிலிண்டரின் உள் உறையான லைனரும் தேயும்.

வெறும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். உப்புக் கிணறாக இருந்தால் பிளாக்கின் உள்ளே அதுவே சுண்ணாம்பு பூசும். துருவைத் தடுக்கும் கூலன்ட் கலந்து ஊற்றினால் இந்தத் தொல்லையில் பாதி வராது.

கீல் கூலிங் படகுகள்

சில படகுகளில் கடல் தண்ணீர் உள்ளேயே வராது. நல்ல தண்ணீரே படகின் அடியில் வெளியே ஓடும் குழாய்களுக்குள் போய், கடலில் ஆறித் திரும்பும். இம்பெல்லர் தொல்லை இல்லை, சல்லடைத் தொல்லை இல்லை. பதிலுக்கு, குழாயின் மேல் ஒட்டும் கொட்டலசும் தடித்த பெயின்ட்டும் கம்பளிப் போர்வை மாதிரி சூட்டைப் பிடித்துவைக்கும். படகு நகராமல் நின்றால் குழாயைச் சுற்றியுள்ள தண்ணீரும் மாறாது, அதனால் நிற்கும்போது கொஞ்சம் ஏறும். கரையேற்றும்போதெல்லாம் சுரண்டுங்கள், பெயின்ட் அடிக்க வருகிறவர்களிடம் குழாயைக் காட்டிச் சொல்லிவையுங்கள்.

தண்ணீர் எல்லாம் சரி, பாரம்?

என்ஜினின் முழு ஆர்.பி.எம் எவ்வளவு என்று தகட்டில் இருக்கும். முழு ரேஸிலும் அந்த எண்ணைத் தொடவில்லை, கறும்புகை தள்ளுகிறது என்றால் அது தண்ணீர்க் கோளாறு இல்லை. புரொப்பல்லரில் கந்தல் வலையோ கயிறோ சுற்றியிருக்கலாம், அடி முழுக்கப் பாசி பிடித்திருக்கலாம். அல்லது, "வேகம் வரும்" என்று யாரோ சொல்லி, பிட்ச் (இறக்கையின் சாய்வு) கூடிய புரொப்பல்லர் போட்டிருக்கலாம்.

மடி இழுக்கும் படகுக்கு இந்தக் கடைசிக் காரணம் கூடுதல் கொடுமை. கடல் தண்ணீர் பம்பு என்ஜினோடுதான் சுற்றுகிறது. இழுவையின்போது பாரம் உச்சத்தில் இருக்கும், சுற்றோ குறைவாக இருக்கும். சூடு அதிகம், தண்ணீர் குறைவு. போகும்போதும் வரும்போதும் நன்றாக இருந்து, பாடு விடும்போது (வலையை இறக்கி இழுக்கும்போது) மட்டும் முள் ஏறினால் எக்ஸ்சேஞ்சரைப் பிரிக்கும் முன் புரொப்பல்லரைப் பற்றி யோசியுங்கள். நம் கடல் தண்ணீரே 30 டிகிரிக்குப் பக்கம். குளிர் நாட்டுப் படகுக்கு இருக்கும் தாராளம் நமக்கு இல்லை.

கடைசியாக ஹெட் கேஸ்கட்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் இங்கே வாருங்கள். என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது தொட்டியைக் கழுத்து வரை நிரப்பி, மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதலில் சில குமிழி வரும், அது அடைபட்ட காற்று, நின்றுவிடும். நிற்காமல், ரேஸ் கொடுக்கும்போது இன்னும் வேகமாகக் குமிழி வந்தால் சிலிண்டரின் புகை தண்ணீருக்குள் வருகிறது. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு பாருங்கள்.

ஆயில் கம்பியை இழுத்துப் பார்க்கும்போது ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது, இழுத்துக்கொண்டு வருவதுதான் வழி. ஹெட்டைத் திறந்தால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். நேர் அளவுகோலை வைத்து ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நன்றாகச் சூடான ஹெட் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம், வளைந்த ஹெட்டில் எந்தக் கேஸ்கட்டும் நிற்காது.

படகில் ஏற்றிவைக்க

உங்கள் பம்புக்கான இம்பெல்லர் இரண்டு, அதன் தட்டுக்கான பேப்பர் கேஸ்கட், ஒரு பெல்ட், பல அளவில் கிளாம்ப், ஒரு மீட்டர் ஹோஸ், ஸ்டிரெய்னர் ரப்பர் வளையம், ஜிங்க் ஒன்று, இருபது லிட்டர் நல்ல தண்ணீர். குடிக்கும் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இம்பெல்லரைக் கடையில் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், நடு ஓட்டையின் சாவிப் பள்ளம் வரை ஒத்துப்போக வேண்டும்.

சரிசெய்ததும் அப்படியே கடலுக்குப் போகாதீர்கள். துறைமுகத்தில் படகை நன்றாகக் கட்டிவிட்டு, கியர் போட்டு அரை மணி ஓட்டுங்கள். முள் ஓரிடத்தில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி, பக்கவாட்டில் விழும் தண்ணீரைப் பிடித்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். ஒரே வாளி, ஒரே ஆர்.பி.எம். நான் பார்க்கும் படகு ஒன்றில் வீல் ரூம் பலகையில் மார்க்கரால் எழுதிவைத்திருக்கிறோம்: "1500-ல் 20 லிட்டர், 14 விநாடி." போன மாதம் அதன் பக்கத்தில் டிரைவர் 19 என்று எழுதியிருந்தார். முள் இன்னும் அசையவில்லை, படகு தினமும் போய் வந்துகொண்டுதான் இருந்தது. ஸ்டிரெய்னரைத் திறந்தோம், சுத்தம். பம்பைத் திறந்தோம், இம்பெல்லரின் ஓர் இதழில் அடியிலிருந்து பாதி வரை வெடிப்பு.